ஆரம்பப் பள்ளியில் கை கழுவும் பழக்கம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் "எப்போதெல்லாம் கை கழுவணும்?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடும் முன், கழிப்பறை போய் வந்த பின், விளையாடி முடித்த பின் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளைகளைச் சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் நின்று கவனியுங்கள். ஒருவன் விரல் நுனியை நனைத்து உதறிவிட்டு ஓடுவான். இன்னொருத்தி ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்தபடி மறு கையை மட்டும் தண்ணீரில் நீட்டுவாள். இரண்டு பேரும் ஈரக் கையை உடுப்பின் பின்பக்கத்தில் துடைத்துக்கொள்வார்கள். சோப்பு? அது தலைமையாசிரியர் அறை அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் செய்யத் தோதான இடமும் நேரமும் சோப்பும்தான் கிடைப்பதில்லை. இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், பெற்றோர், தன்னார்வலர் யாராக இருந்தாலும் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். போஸ்டர் ஒட்டுவதிலும் உறுதிமொழி எடுக்கவைப்பதிலும் தொடங்கும் முயற்சிகள் ஒரு மாதத்தில் அடங்கிப்போவது இதனால்தான். ஆகவே இங்கே பாடம் நடத்துவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், ஏற்பாடுகளைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று யாராவது கேட்டால் சொல்வதற்குச் சில எண்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. பல ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் கணக்குப்படி, மக்களைக் கை கழுவப் பழக்கினால் வயிற்றுப்போக்கு வருவோர் 23 முதல் 40 சதவீதம் வரை குறைகிறார்கள். சளி போன்ற மூச்சுத் தொற்றுகள் 16 முதல் 21 சதவீதம் குறைகின்றன. வயிற்றுக் கோளாறால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது 29 முதல் 57 சதவீதம் வரை குறைகிறது. வேறு எந்தச் செலவிலும் இவ்வளவு பள்ளி நாட்களை மிச்சப்படுத்துவது கடினம். ஆனாலும் 2019 நிலவரப்படி உலகப் பள்ளிகளில் ஐந்தில் இரண்டில் சோப்பும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும் வசதி இல்லை என்று யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் கணக்கிட்டன. அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் 81.8 கோடிப் பேர்.

முதல் படி: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எதையும் மாற்றாமல், யாருக்கும் சொல்லாமல் கவனியுங்கள். கழிப்பறையிலிருந்து வெளியே வருபவர்களில் எத்தனை பேர் குழாய்ப் பக்கம் திரும்புகிறார்கள்? சோப்பைத் தொடுகிறவர்கள் எத்தனை பேர்? சாப்பாட்டுக்கு முன் வரிசை எவ்வளவு நீள்கிறது, வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்? எந்தக் குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் நின்றுபோகிறது, சோப்பு யார் பொறுப்பில் இருக்கிறது? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல், சளி என்று லீவு போட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த நோட்டுதான் உதவும்.

"நாங்க பாக்குறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்றாலே எல்லோரும் ஒழுங்காகக் கழுவுவார்கள்; உங்களுக்கு உண்மை நிலவரம் தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது படி: இடத்தைச் சரிசெய்யுங்கள்

என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை இங்கேதான் இருக்கிறது. கை கழுவும் இடம் இரண்டு இடங்களில் கண்டிப்பாக வேண்டும்: கழிப்பறையை விட்டு வெளியே வரும் வழியிலேயே ஒன்று, சாப்பிடப் போகும் வழியில் ஒன்று. பத்தடி சுற்றிப் போக வேண்டியிருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளை போகாது.

அடுத்தது உயரம். முதல் வகுப்புப் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். எக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடும். அப்புறம் அந்தப் பிள்ளை குழாய்ப் பக்கமே வராது. குழாயை இறக்க முடியாவிட்டால் வழுக்காத அகலமான படி ஒன்று போட்டுக் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குப் படி உதவாது. அவர்களுக்கு ஒரு குழாயாவது கைக்கு எட்டும் உயரத்தில், முன்னால் இடம் விட்டு இருக்க வேண்டும். குழாயைத் திருகச் சின்ன விரல்களுக்கு வலு போதுமா என்றும் பாருங்கள். தட்டினால் திறக்கும் நெம்புகோல் குழாய் இருந்தால் நல்லது.

குழாயே இல்லாத பள்ளியிலும் வேலை நிற்க வேண்டியதில்லை. அடியில் குழாய் பொருத்திய மூடி போட்ட வாளியை ஒரு மேடையில் வைத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் 'டிப்பி டாப்'. ஒரு பிளாஸ்டிக் கேனில் துளையிட்டு, குறுக்குக் கம்பில் தொங்கவிட்டு, கேனின் கழுத்திலிருந்து ஒரு கயிற்றைத் தரைக்கு இறக்கி, அதன் முனையில் ஒரு குச்சியைக் கட்டிவிட வேண்டும். குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் கொட்டும். காலை எடுத்தால் நின்றுவிடும். கழுவிய கையால் எதையும் தொட வேண்டியதில்லை, தண்ணீரும் கொஞ்சமாகத்தான் செலவாகும். அதைவிட, மிதிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி இருக்கிறது, கூப்பிடாமலே வருவார்கள். கேனுக்குக் கீழே கூழாங்கல் பரப்பிவிடுங்கள், சேறாகாது.

சோப்பு விஷயத்துக்குத் தனியாகக் கவனம் வேண்டும். சோப்புக் கட்டி ஈரத்தில் கரையும், தரையில் விழும், விளையாட்டுப் பொருளாகும், சில நாள் காணாமலும் போகும். இந்தப் பயத்தில்தான் அதைப் பூட்டி வைக்கிறார்கள். பூட்டி வைத்த சோப்பால் யாருக்கும் பயனில்லை. கட்டியை வலைப் பையில் போட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கவிடலாம்; ஈரம் வடியும், பைக்கு வெளியிலேயே தேய்த்து நுரை எடுக்கலாம். பலர் தொட்ட கட்டியால் நோய் பரவும் என்று சிலர் பயப்படுவார்கள். நுரைத்து நன்றாக அலசும்போது கட்டியின் மேல் ஒட்டியிருப்பதும் சேர்ந்தே போய்விடும். சகதியில் ஊறிக் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னும் சிக்கனமான வழி சோப்புத் தண்ணீர். வங்கதேசத்தில் பரவலாகச் சோதித்துப் பார்த்த அளவு இது: ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கலக்கிப் பாட்டிலில் ஊற்றி, மூடியில் சிறு துளை போட வேண்டும். பாட்டிலை அமுக்கினால் கைக்குத் தேவையான அளவு வரும். இதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். பாட்டிலின் மேல் "சோப்பு, குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி, எழுத்து படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு படமும் ஒட்டிவிடுங்கள். யாருக்காவது கை வறண்டு அரித்தால் அந்தப் பிள்ளைக்குச் சாதாரணக் குளியல் சோப்பு கொடுங்கள்.

மூன்றாவது படி: கால அட்டவணையில் இடம் பிடியுங்கள்

இங்கேதான் நல்ல எண்ணங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வகுப்பில் 40 பிள்ளைகள், குழாய் நான்கு. ஒருவருக்கு 40 விநாடி என்று வைத்தால் பத்துச் சுற்று, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். ஐந்து வகுப்புகள் ஒரே மணிக்கு வந்தால் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பசியோடு இருக்கும் பிள்ளை அவ்வளவு நேரம் நிற்காது. நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வகுப்புகளை ஏழெட்டு நிமிட இடைவெளியில் அனுப்புவது. சின்னப் பிள்ளைகள் முதலில் போகட்டும். இரண்டு, துளையிட்ட நீளக் குழாய் ஒன்றைப் பொருத்துவது. ஒரே வால்வைத் திறந்தால் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று சேர்ந்து கழுவலாம். பிலிப்பைன்ஸில் 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' திட்டத்தில் தினமும் வகுப்பே திரண்டு சோப்பு போட்டுக் கை கழுவி, பல்லும் துலக்குகிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்யும்போது விட்டுப்போகிறவர் இல்லை, தனியாக யாரையும் கண்டிக்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்குச் செலவே கிடையாது: நனைப்பதையும் தேய்ப்பதையும் பிரித்துவிடுங்கள். கையை நனைத்துச் சோப்பு வாங்கிக்கொண்டு பிள்ளை இரண்டு அடி தள்ளி நின்று தேய்க்கட்டும், அந்த நேரத்தில் அடுத்தவர் குழாய்க்கு வரட்டும். தேய்த்து முடித்தவர் இன்னொரு குழாயில் அலசிவிட்டுப் போகலாம். குழாய் சும்மா ஓடாது, வரிசையும் நகரும். முதல் இரண்டு நாள் குழப்பமாக இருக்கும். அப்புறம் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் "தள்ளி நில்லு, தேய்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஐந்து நிமிடமானாலும் சரி, அட்டவணையில் எழுதியே ஆக வேண்டும். எழுதாத நேரம் பாடம் முடிக்கும் அவசரத்தில் காணாமல் போய்விடும்.

நான்காவது படி: கழுவும் முறை

நனை, சோப்பு போடு, தேய், அலசு, துடை. இவ்வளவுதான். தேய்ப்பது மட்டும் 20 விநாடி. வெந்நீர் தேவையில்லை, கிருமியை அகற்றுவதில் குளிர்ந்த நீருக்கும் வெந்நீருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 20 விநாடியை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் வேகமாக எண்ணி முடித்துவிடுவார்கள். வகுப்பே சேர்ந்து நான்கு வரிப் பாட்டு ஒன்றைக் கட்டட்டும்; ஒவ்வொரு வரிக்கும் கையின் ஒரு பகுதி: உள்ளங்கை, புறங்கையும் விரலிடுக்கும், கட்டைவிரல், நகக்கண். பாட்டு முடிந்தால் நேரமும் முடிந்துவிடும். தாங்களே கட்டிய பாட்டு என்பதால் விடாமல் பாடுவார்கள்.

கழுவும்போது வழக்கமாக விடுபடுவது கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு. வாய்க்கும் மூக்குக்கும் போவது விரல் நுனிதானே. மறு உள்ளங்கையில் விரல் நுனிகளை வைத்துச் சுரண்டுகிற மாதிரி தேய்க்கக் கற்றுக்கொடுங்கள். நகம் வளர்ந்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் அடியில் அழுக்கு தங்கும். கீரிப்பூச்சி முட்டைகள் பிள்ளைகளிடையே பரவுவது பெரும்பாலும் நகக்கண் வழியாகத்தான்: ஆசனவாயில் அரிப்பெடுக்கச் சொறிகிறார்கள், முட்டை நகத்துக்கடியில் ஒட்டுகிறது, விரல் வாய்க்குப் போகிறது. வாரம் ஒரு நாள் நகம் வெட்டிவிடும்படி பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்.

துடைப்பதை அற்பமாக நினைக்காதீர்கள். ஈரக் கை உலர்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும். பொதுத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் எல்லோர் கையும் அதில்தான் போய்ச் சேரும், அதனால் அது வேண்டாம். ஆளுக்கொரு கைக்குட்டை, அல்லது கையை உதறிக் காற்றில் காயவிடுவது போதும்.

ஐந்தாவது படி: ஏன் சோப்பு என்று காட்டுங்கள்

பலர் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்ததும் தூள் தெறித்து விலகும். பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே நடப்பது நீரின் பரப்பு இழுவிசை குறைவது மட்டும்தான். அதைப் பார்த்த பிள்ளை, சோப்பைத் தொட்டாலே கிருமி ஓடிவிடும், தேய்க்க வேண்டியதில்லை என்றுதான் புரிந்துகொள்ளும். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். வண்ணச் சாக்பீஸை நன்றாகப் பொடித்து, சில துளி சமையல் எண்ணெயில் குழைத்து, இரண்டு பிள்ளைகளின் கைகளில் தடவுங்கள். அவர்கள் கதவுப்பிடி, பென்சில், நோட்டு, நண்பனின் கை என்று வழக்கம்போல் தொடட்டும். எங்கெல்லாம் நிறம் ஒட்டியிருக்கிறது என்று வகுப்பே தேடிக் கண்டுபிடிக்கட்டும். மூக்கு நுனியில், காது மடலில் நிறம் இருப்பதைப் பார்த்து ஆரவாரம் செய்வார்கள். அப்புறம் ஒரு பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவட்டும், இன்னொரு பிள்ளை சோப்பு போட்டுப் பாட்டு முடியும்வரை தேய்க்கட்டும். தண்ணீர் மட்டும் பட்ட கையில் நிறம் வழுவழுவென்று அப்படியே இருக்கும். சோப்பு போட்ட கையில் பெரும்பாலும் போயிருக்கும்; கட்டைவிரல் மடிப்பிலும் நகக்கண்ணிலும் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எங்கே தேய்க்கவில்லை என்பதை அந்தக் கையே காட்டிவிடும், நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

"ஏன் சோப்புக்கு மட்டும் போகுது?" என்று கேட்பார்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறு முனை எண்ணெயோடு சேரும். நம் தோலில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது, கிருமி அதில் ஒட்டிக்கொள்கிறது. சோப்பு ஒரு பக்கம் எண்ணெயையும் மறு பக்கம் தண்ணீரையும் பிடித்துக்கொள்வதால், அலசும்போது எல்லாம் சேர்ந்து போய்விடுகிறது. ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான உறை இருக்கிறது. அதையும் சோப்பு குலைத்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு தாராளமாகப் புரியும்.

ஆறாவது படி: சொல்லாமல் நினைவூட்டுங்கள்

வங்கதேசத்தில் இரண்டு பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்றை 2016இல் வெளியிட்டார்கள். கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை நடைபாதை போட்டு, பளிச்சென்ற வண்ணத்தில் பாதச் சுவடுகளையும், கழுவும் இடத்தில் கைச்சுவடுகளையும் வரைந்தார்கள். சுகாதாரப் பாடம் எதுவும் நடத்தவில்லை. அதற்கு முன் கழிப்பறை போய்வந்து சோப்பு போட்டுக் கழுவியவர்கள் 4 சதவீதம். மறுநாளே அது 68 சதவீதமானது. ஆறு வாரம் கழித்து 74 சதவீதம். அந்த ஏற்பாட்டில் கழுவும் இடத்தையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சோப்பு இல்லாத தொட்டிக்குச் சுவடு வரைந்து பலனில்லை. இடம் தயாரானதும் பிள்ளைகளின் கால்களையே அளவாக வைத்துச் சுவடுகளை வரையச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை வேலைதான்.

பெரியவர்களும் குழாயடிக்கு வர வேண்டும்

இதற்கு எண் போட்டு ஒரு படி என்று சொல்ல மனமில்லை, முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டியது. ஆசிரியர் அறையில் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியரும் வரிசையில் நின்று அதே சோப்பில் கழுவினால், அது நூறு முறை சொல்வதைவிடப் பெரிது. சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஒருவர் கையிலிருந்து பள்ளி முழுக்கப் பரவ முடியும்.

பெரியவர்களை மாற்றுவது கடினம் என்பதற்குச் சரித்திரமே இருக்கிறது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவிய பிறகே பிரசவம் பார்க்கச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார்களின் இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதமாக இறங்கியது. அப்படியும் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் பள்ளியில் ஓரிரு ஆசிரியர்கள் முகம் சுளித்தால் மனம் தளர வேண்டாம். அவர்களோடு வாதாடாமல், சோப்பு நிரப்பும் பொறுப்பை அவர்கள் வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

அசுத்தமான கையைத் தூக்கிக் காட்டி வகுப்பின் முன் கேலி செய்யாதீர்கள். வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத பிள்ளைதான் பெரும்பாலும் அதில் மாட்டும். கை கழுவுவதைத் தண்டனையாகவோ, கழிப்பறை போக அனுமதி தரும் நிபந்தனையாகவோ ஆக்காதீர்கள். சிறுநீரை அடக்கிப் பழகிவிட்டால் அது வேறு உபாதையில் கொண்டுபோய் விடும்.

சானிடைசரைச் சோப்புக்கு மாற்றாக நினைக்காதீர்கள். 60 சதவீதமாவது ஆல்கஹால் இருந்தால்தான் பலன் தரும். மண்ணும் பிசுக்கும் படிந்த கையில் அதுவும் சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதியைக் கிளப்பும் நோரோவைரஸை அது எளிதில் ஒழிக்காது. சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் ஆபத்து. வெளியே அழைத்துப் போகும்போது, தண்ணீர் கிடைக்காத இடத்தில், பெரியவர் கையால் கொடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் யாராவது வாந்தி எடுத்தால் சுத்தம் செய்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருப்பது நல்லது.

நிலைக்க வைப்பது

வாரம் ஒரு குழு என்று பிள்ளைகளுக்கே பொறுப்பு கொடுங்கள். காலையில் தண்ணீர் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, குறைந்தால் சொல்வது, இரண்டும் போதும். மற்றவர்களைக் கண்காணிக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். கோள் சொல்வதும் சண்டையும் வரும். குழுவில் எல்லோருக்கும் முறை வர வேண்டும், 'நல்ல பிள்ளைகளுக்கு' மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

பழக்கம் ஒட்டியிருக்கிறதா என்று அறிய எளிய அளவுகோல் சோப்புச் செலவு. வாரத்துக்கு எத்தனை கட்டி அல்லது எத்தனை பாட்டில் தீர்கிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள். திடீரென்று செலவு குறைந்தால் சிக்கனம் என்று மகிழ வேண்டாம், ஏதோ தடை வந்திருக்கிறது என்று அர்த்தம்: குழாய் பழுது, பாட்டில் மூடி அடைப்பு, அல்லது ஏதோ ஒரு வகுப்பின் ஐந்து நிமிடம் பறிபோயிருக்கும். போய்ப் பாருங்கள். சோப்பு வாங்கும் பணம் யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். நன்கொடையாக வந்த முதல் பெட்டி தீர்ந்ததும் பல பள்ளிகளில் பழக்கமும் தீர்ந்துவிடுகிறது.

அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள், 2008இலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். அன்று விழா நடத்துங்கள், பெற்றோரைக் கூப்பிடுங்கள், பிள்ளைகள் தங்கள் பாட்டைப் பாடட்டும். ஆனால் அதை ஆரம்ப நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே தண்ணீரும் சோப்பும் ஓடிக்கொண்டிருக்கும் பள்ளிக்குத்தான் அந்த விழா பொருந்தும்.

நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் வாரம் எல்லாம் தளர்ந்திருக்கும், அது இயல்பு. திறக்கும் நாளுக்கு முந்தைய நாளே போய்க் குழாய்களைத் திறந்து பார்த்து, தேங்கிய தண்ணீரை வடித்து, சோப்பு நிரப்பி, மங்கிய சுவடுகளுக்கு மறுபடி வண்ணம் தீட்டுங்கள். புதிதாகச் சேர்ந்த முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழுவும் முறையைச் சொல்லித்தரும் வேலையை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.